ஹார்க்கோர்ட்ஸின் ஜன்னலோர மேஜை

ஜூன் 6, 1993, ஞாயிறு

நிச்சயதார்த்தத்துக்கு ஆபீஸில் கொடுத்த டைரி இது. வருஷத்தில் பாதி போன பிறகு டைரி பரிசளிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்களால்தான் முடியும். மிச்சப் பக்கங்களையாவது நிரப்புவோம்.

இன்று முதல் தடவையாக ஹார்க்கோர்ட்ஸில் சாப்பிட்டேன். மவுண்ட் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த வெள்ளைத் தூண்களைப் பார்த்து, உள்ளே அப்படி என்னதான் தின்பார்கள் என்று நினைத்திருக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் நம்மவர்களை வாசலோடு நிறுத்திவிடுவார்களாம். உள்ளே விட ஆரம்பித்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர் எனக்கு நிச்சயமாகியிருக்கிற நந்தகோபாலின் தாத்தாவாம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலோர மேஜை அந்தக் குடும்பத்துக்குத்தான். வரப்போகிற மருமகளும் கல்யாணத்துக்கு முன்பே வந்து பழக வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். என்னைப் போன்ற சாப்பாட்டு ராமிக்கு இதைவிட நல்ல வழக்கம் உண்டா?

முதலில் சூப். நம் மிளகு ரசத்துக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்டது போல இருந்தது. அப்புறம் முழுசாக வறுத்த கோழித் தொடை, வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிப்பதற்காகக் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்தேன். தலைப்பாகை கட்டிய பேரர் இன்னாசி வந்தார், தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கோழி என் கண்ணெதிரே போயிற்று.

நந்தகோபால் சிரித்துவிட்டார். "ரெண்டையும் சேத்து வெச்சா சாப்ட்டாச்சுன்னு அர்த்தம். விரிச்சு வெச்சா இன்னும் சாப்பிடறேன்னு அர்த்தம். இங்க பேரர் நம்ம முகத்தப் பாக்க மாட்டான், தட்டத்தான் பாப்பான்." அவர் சிரிக்கும்போது இடது கன்னத்தில் குழி விழுகிறது. கோழி போனால் போகிறது என்று இருந்தது.

பெரம்பூருக்கு வந்து காலையில் வைத்த புளிக்குழம்பை ஊற்றி இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன். "ஓட்டலுக்குப் போய்ட்டு வந்து பட்டினி கெடந்தவ மாதிரி திங்கறியேடி" என்றாள் அம்மா. அப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பேப்பர்தான் உத்தியோகம்.

ஜூன் 9, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. ஜாக்கெட் துணி டெய்லரிடம் கொடுத்தாயிற்று. தோசையைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டுப் பழகினேன், அம்மா முறைத்தாள்.

ஜூன் 13, ஞாயிறு

இந்த வாரம் எனக்கும் சேர்த்து நந்தகோபாலே ஆர்டர் கொடுத்தார். மெனு கார்டை நான் திறப்பதற்குள் அது இன்னாசியிடம் போய்விட்டது. மீன். முள்ளே இல்லாத மீன் எந்தக் கடலில் கிடைக்கிறதோ தெரியவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. இந்தத் தடவை நான் உஷார். கத்தியும் கரண்டியும் அகலமாக விரிந்தே இருந்தன.

பாதி சாப்பிட்டிருப்பேன். மாமாவிடம், அதாவது அவர் அப்பாவிடம், கிளப்பில் நடந்த ஏதோ கதையைச் சொல்லிக்கொண்டே நந்தகோபால் கையை நீட்டி என் கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்துச் சேர்த்து வைத்தார். பேச்சை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. இன்னாசி வந்து தட்டை எடுத்துக்கொண்டார்.

பிறகு காரில், "மூச்சு விடாம சாப்பிடற தமயந்தி. பக்கத்து டேபிள்ல பாக்கறாங்க" என்றார். மெதுவாக, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. அம்மாவும் சின்ன வயதிலிருந்து இதையேதான் சொல்கிறாள். அவர் சொன்னதில் தப்பில்லை. பெரிய இடத்துப் பழக்கவழக்கம் நமக்கு என்ன தெரியும்?

ஜூன் 27, ஞாயிறு

போன வாரமும் இதே கதை. இந்த வாரமும்.

இன்று அத்தையைக் கவனித்தேன். அத்தை என்றால் நந்தகோபாலின் அம்மா. பேச்சே கிடையாது. பட்டுப்புடவை, வைரத்தோடு, மடியில் பெரிய கறுப்புக் கைப்பை. மணிக்கட்டில் தங்க வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மாமா அந்தப் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி அத்தையின் கத்தியையும் கரண்டியையும் சேர்த்து வைத்துவிட்டார். அறையை விட்டுப் போகிறவர் ஃபேனை நிறுத்துவாரே, அது போல. அத்தையின் கைகள் அதற்கு முன்பே மடிக்கு இறங்கிவிட்டன.

சரி, அப்போது இது குடும்பப் பழக்கம். என்னை மட்டும் குறை சொல்லவில்லை என்று தெரிந்ததும் மனசு லேசாயிற்று.

அத்தைக்குச் சர்க்கரை வியாதியாம், அளவாகத்தான் சாப்பிட வேண்டுமாம். மாமா சொன்னார். இன்னொன்றும் கவனித்தேன். மேஜை நடுவில் ஒரு கூடை நிறைய சின்னச் சின்ன பன் வைக்கிறார்கள். யாரும் எடுத்து நான் பார்க்கவில்லை. எழுந்திருக்கும்போது கூடை பாதி காலியாக இருந்தது.

ஜூலை 2, வெள்ளி

நந்தகோபால் தினமும் மத்தியானம் ஆபீஸுக்கு போன் செய்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார். பக்கத்து சீட் கமர் நிஸா, "சாப்ட்டியான்னு கேக்கற புருஷன் கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்" என்றாள். எல்லோருக்கும் பொறாமை. இன்று தயிர் சாதம் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது கையில் வாழைக்காய் பஜ்ஜி. அடப் பாவமே, பஜ்ஜிக்குப் போய் பொய் சொல்ல வேண்டுமா நான்?

ஜூலை 11, ஞாயிறு

இன்று அவர் கை வருவதற்கு முன்பே நானே சேர்த்து வைத்துவிட்டேன்.

அவருக்கு ரொம்ப சந்தோஷம். "நான் சொல்லணுமேன்னு நெனச்சேன், நீயே புரிஞ்சுகிட்ட" என்றார். கடற்கரைக்குக் கூட்டிப் போனார், கல்யாணத்துக்குப் பிறகு ஊட்டி என்றார், கன்னத்தில் குழி விழ விழச் சிரித்தார். இவ்வளவு பிரியமான மனிதரை நான் பார்த்ததில்லை. இன்று நல்ல நாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அம்மா ஏன் என்று கேட்பாள், ஓட்டலில் வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வது சுலபம்.

ஜூலை 20, செவ்வாய்

ஜாக்கெட் தொளதொள என்றிருக்கிறது. டெய்லர் பிரித்துத் தைக்க வேண்டும் என்றார். அம்மாவுக்குப் பெருமை, கல்யாணக் களை வந்துவிட்டதாம். பஸ்ஸில் கண் இருட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெயில்.

ஜூலை 25, ஞாயிறு

ஹார்க்கோர்ட்ஸ். ஆட்டுக்கறி. மூன்று வாய்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

இன்று பசி. சாதாரணப் பசி இல்லை, தட்டு வந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கட்லெட். அவர் கை நீண்டது, சேர்த்து வைத்தது. இன்னாசி வந்தார். எனக்கு என்ன ஆயிற்றோ, "நான் இன்னும் சாப்பிடறேன், வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டேன். கத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன்.

இன்னாசி தட்டைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நந்தகோபாலைப் பார்த்தார். நந்தகோபால் தண்ணீர் குடித்தார். தட்டு போயிற்று.

அத்தை மேஜைத்துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். மாமா புட்டிங் கொண்டுவரச் சொன்னார், இரண்டு மட்டும்.

வீட்டில் விடுகிறேன் என்று காரில் ஏற்றிக்கொண்ட நந்தகோபால் பெரம்பூர்த் திருப்பத்தில் திரும்பவில்லை. நேராக ஓட்டினார். எங்கே போகிறோம் என்று கேட்டேன். எண்ணூர் பக்கம், ஆள் நடமாட்டமில்லாத உப்பளச் சாலை. வண்டியை நிறுத்திவிட்டு என்ஜினையும் அணைத்துவிட்டார். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லை அவர் முகத்தில். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெயில் இறங்கும் வரை ஒரு வார்த்தை இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. உடனே வண்டியைக் கிளப்பி, "பழகிடும்" என்றார். வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. அடித்தாரா? இல்லை. திட்டினாரா? இல்லை. குடி? கிடையாது. கத்தியையும் கரண்டியையும் சேர்த்து வைத்தார். இதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் போய்ச் சொல்வது?

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சமா சாப்பிடச் சொல்றாரு, அவ்ளோதானே? பத்திரிகை அடிச்சாச்சு. சோத்துக்காகவா கல்யாணத்த நிறுத்துவாங்க? நாலு பேர் காதுல விழுந்தா சிரிப்பாங்கடி."

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நல்ல குடும்பம்மா" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அம்மா கூடவே உட்கார்ந்து பூண்டு உரித்தேன்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இன்று நந்தகோபால் சூப் தட்டையே பாதியில் எடுக்க வைத்தார். போன வாரத்துக்கான தண்டனை என்று எனக்குப் புரிந்தது. அடுத்து வந்ததைத் தொடவே விடவில்லை, தட்டு வந்து வைத்ததும் கத்தியும் கரண்டியும் சேர்ந்துவிட்டன. எழுந்து லேடீஸ் ரூமுக்குப் போகிறேன் என்றேன். அத்தையும் எழுந்தார். "நானும் வரேன்." அவர் குரலை இன்றுதான் சரியாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அந்த அறை எங்கள் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது. தூண்கள் கட்டிய காலத்துக் கண்ணாடி, பளிங்குத் தொட்டி, மூலையில் ஒரு பிரம்பு நாற்காலி. அத்தை கதவைத் தாழ் போட்டார். குழாயைத் திறந்துவிட்டார். கைப்பையைத் திறந்து மேஜைத் துண்டில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தார். நாலைந்து பன். வெண்ணெய் தடவியிருந்தது. ஒன்றை எனக்கு நீட்டினார்.

"சீக்கிரம் சாப்பிடு. தண்ணி ஓடட்டும், மெல்ற சத்தம் கேக்காது."

நான் வாங்கிக்கொண்டேன். தின்றேன். வெட்கமே இல்லாமல் தின்றேன். அத்தையும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றார். இரண்டு பேரும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல்.

"என் மாமியார் அந்த நாற்காலியில உக்காந்துதான் சாப்பிடுவாங்க" என்றார் அத்தை. "வயசானவங்க. நான் நின்னுகிட்டே."

நான் மெல்லுவதை நிறுத்தினேன். "உங்களுக்குச் சர்க்கரைன்னு..."

"எனக்கு ஒரு நோயும் கெடையாது."

"வீட்ல?"

"வீட்ல ஸ்டோர் ரூம் சாவி அவர்கிட்ட இருக்கு. அளந்து எடுத்துக் குடுப்பாரு. ஞாயித்துக்கிழமை பரவால்ல, இங்க பன் இருக்கும்."

"உங்க அம்மா வீட்ல சொல்லலியா அத்தை?"

அத்தை இன்னொரு பன்னைப் பிட்டு என் கையில் வைத்தார். "சொன்னேன். நல்ல குடும்பம்னு சொன்னாங்க."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து பேசுவது போலவே இருந்தது எனக்கு. அந்தப் பிரம்பு நாற்காலியைப் பார்த்தேன். அடுத்து அத்தை அதில் உட்காருவார். தொட்டிப் பக்கத்தில் நான் நிற்பேன்.

"நான் போறேன் அத்தை" என்றேன். "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

தடுப்பார் என்று நினைத்தேன். அவர் வாயோரத் துணுக்கைத் துடைத்துக்கொண்டு, "முன்பக்கமாப் போகாத. சமையல் ரூமுக்குப் பக்கத்துல கதவு இருக்கு, சந்துக்குப் போகும்" என்றார். அவ்வளவு சட்டென்று சொன்னார். அந்த வழியை அவர் ரொம்ப காலமாக யோசித்து வைத்திருக்க வேண்டும்.

"நீங்களும் வாங்க."

"எங்க?" என்று கேட்டார். மிச்சப் பன்னைச் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார். "நீ போம்மா. வயித்து வலி, உள்ள இருக்கான்னு சொல்றேன். கொஞ்ச நேரம் நம்புவாங்க."

சமையலறைப் புகைக்குள் புகுந்து சந்தில் வந்து விழுந்தேன். ஆட்டோ பிடித்தேன். வீட்டில் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு போனுக்கு யாரோ எனக்காகக் கூப்பிட்டார்களாம். நான் போகவில்லை. அத்தை தனியாகத் திரும்பிப் போய் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பார்.

ஆகஸ்ட் 9, திங்கள்

நந்தகோபால் காலையிலேயே வந்துவிட்டார். ஆப்பிள், ஆரஞ்சு, அம்மாவுக்கு மல்லிகைப்பூ. நான் அறைக்குள் இருந்தேன், பேச்சு நன்றாகக் கேட்டது. கத்தவில்லை. நேற்று நான் சொல்லாமல் கிளம்பிவிட்டதாகவும், சின்னப் பெண், கல்யாண பயம் என்றும், தான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்.

அம்மா உள்ளே வந்தாள். முகமெல்லாம் நிம்மதி. "மன்னிச்சிட்டாராம்டி. எவ்ளோ தங்கமான மனுஷன். வந்து ஒரு வார்த்தை பேசு."

வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், மரியாதைக்காரர். பிறகு அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"எங்கம்மாதான் ரொம்ப மனசு ஒடஞ்சுட்டாங்க. நேத்து மத்தியானத்துலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. தமயந்தி சரின்னு சொல்ற வரைக்கும் சாப்பிட மாட்டேன்னு உக்காந்திருக்காங்க. என்னால பாக்கவே முடியல." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். கன்னத்தில் குழி விழுந்தது.

"ஐயோ, அந்த அம்மாவுக்கு உன்மேல எவ்ளோ பாசம்" என்றாள் அம்மா. "பெரியவங்க பட்டினி கெடக்கறாங்க, சரின்னு சொல்லிடேன்டி."

நந்தகோபால் சொன்னதன் உண்மையான அர்த்தம் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நான் சரி என்றால் அத்தைக்கு இன்று சோறு. மாட்டேன் என்றால் கிடையாது. பயத்தில் சரி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது.

அப்போது அம்மா அடுப்பில் வைத்த சாதம் கொதிக்கும் வாசனை வந்தது. எப்படித் தோன்றிற்றோ தெரியாது.

"பாவம் அத்தை" என்றேன். "அம்மா, சாதம் வடிச்சதும் கேரியர்ல போடு. கொழம்பு, பொரியல் எல்லாம் எடுத்துக்கோ. நாம எல்லாருமே போலாம். இவங்க காரிலயே போயிடலாம். அத்தை என் கையால சாப்பிடட்டும். சொல்ல வேண்டியத அங்க வெச்சு சொல்றேன்."

"அதுதான் முறை" என்று அம்மா அடுப்படிக்குத் திரும்பினாள்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் நந்தகோபால். சிரிப்பு போய்விட்டிருந்தது. "வீட்டுக்கெல்லாம் வர வேணாம். அவங்க இப்ப யாரையும் பாக்க மாட்டாங்க."

அப்பா பேப்பரை மடித்தார். நன்றாக நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஏன் மாப்பிள்ள வேணாம்?" என்றார். "பசியா இருக்கறவங்களுக்கு சாப்பாடு எடுத்துட்டுப் போறோம். ஏன் வேணாம்?"

நந்தகோபால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கார் சாவியைப் பார்த்தார். "எனக்கு ஆபீஸ் இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். அப்பா வாசலில் நின்று அந்தக் கார் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொல்லு" என்றார். சொன்னேன். பன், குழாய், சாவி எல்லாம். பேப்பர் மடித்தபடியே கிடந்தது.

மூன்று பேரும் கேரியரோடு ஆட்டோவில் கீழ்ப்பாக்கத்திலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போனோம். மாமாதான் கதவைத் திறந்தார். கேரியரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள், அங்கேயும் பார்த்தார். பிறகு வழி விட்டார்.

அத்தை பின்கட்டில் பாயில் படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. அம்மா தட்டில் சாதத்தைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அத்தை தொடவில்லை. வாசற்படியில் நின்ற மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்பிடேன், யாரு வேணான்னா?" என்றார் மாமா.

அத்தை சாப்பிட்டார். குனிந்த தலை நிமிராமல், பிசைந்து முடிப்பதற்குள் அடுத்த கை. அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே இன்னும் போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

கூடத்தில் அப்பாவின் குரல் கேட்டது. "இந்தக் கல்யாணம் நடக்காதுங்க." மாமா ஏதோ சொன்னார், அப்பா அதையே இன்னொரு தடவை சொன்னார்.

"நீங்க எங்ககூட வந்துடுங்க" என்று அம்மா அத்தையின் காதோரம் சொன்னாள். அத்தை தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். மாமா பின்னால் நின்றார். அத்தை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மாமாவுக்குக் கேட்காதபடி கேட்டார்.

"நாளைக்கும் வருவியாம்மா?"

வருவேன் என்றேன். நாங்கள் படியிறங்குவதற்குள் மாமா கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார்.